கேட்கிற நேரத்தில் இல்லாதவர்

(செவிலியர்கள், கல்லூரி ஆலோசகர்கள், தன்னார்வலர்கள் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



2005ஆம் ஆண்டை என் துறைக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஏப்ரலில் ‘சந்திரமுகி’ வந்தது, ஜூனில் ‘அந்நியன்’ வந்தது. அதற்கு முன்னால் ‘டிசோசியேட்டிவ்’ என்ற சொல்லைச் சொன்னால் மருத்துவக் கல்லூரி மாணவர்களே விழிப்பார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, “ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு, இதெல்லாம் நிஜமா டாக்டர்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஆர்வத்துக்காகச் சினிமாவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கூடவே ஒரு பயத்தையும் அது விதைத்துவிட்டது. உள்ளே இருக்கிற ‘இன்னொருவர்’ வெளியே வந்தால் அடுத்தவரைக் கொல்வார் என்ற பயம். கங்கா சந்திரமுகியாகிப் பழிவாங்கக் கிளம்புகிறாள், அம்பி அந்நியனாகித் தண்டனை கொடுக்கிறான்.

நான் பார்த்தவரையில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. விலகல் கோளாறு எனப்படும் இந்த நிலை உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் டவ்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெத்தனி பிராண்ட் குழுவினர் பல ஆண்டுகளாகத் தொடர் ஆய்வு நடத்திவருகிறார்கள். 2017இல் அவர்கள் 173 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தபோது, முந்தைய ஆறு மாதத்தில் குற்றவழக்கில் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. அதே நோயாளிகள் கூட்டத்தில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் அடிக்கடி காணப்படுகின்றன. ஊர் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறது. ஊர் பயப்பட வேண்டியது அவர்களுக்காக.

விலகல் கோளாறு என்று நாம் சொல்கிற டிசோசியேட்டிவ் டிஸார்டர் ஒரே நோய் இல்லை, ஒரு குடும்பம். நினைவு, உணர்ச்சி, உடல் உணர்வு, ‘நான்’ என்கிற எண்ணம் எல்லாம் சாதாரணமாக ஒரே பின்னலாக ஓடுகின்றன. தாங்க முடியாத ஒன்று நடக்கும்போது அந்தப் பின்னல் சில இடங்களில் பிரிகிறது. பிரெஞ்சு மருத்துவரும் தத்துவ ஆசிரியருமான பியேர் ஜானே 1889இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். சிலருக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி நினைவிலிருந்து கழன்றுபோகிறது. சிலர் தங்கள் உடம்புக்கு வெளியே நின்று தங்களையே பார்ப்பதுபோல உணர்கிறார்கள். அடையாளமே பல நிலைகளாகப் பிரிந்து, ஒரு நிலையில் செய்தது இன்னொரு நிலைக்குத் தெரியாமல் போவதுதான் சினிமா எடுத்துக்கொண்ட வகை. 1980இல் ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்று அமெரிக்க மனநல வகைப்பாட்டில் ஏறிய அந்தப் பெயர் 1994இல் ‘டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ என்று மாற்றப்பட்டது. சுருக்கமாக டி.ஐ.டி. என்பார்கள்.

நம்முடைய புறநோயாளிப் பிரிவில் டி.ஐ.டி. என்ற பெயரை அபூர்வமாகத்தான் எழுதுகிறோம். நம்மிடம் வருவது மூளையில் வலிப்பின் தடயமே இல்லாத ‘வலிப்பு’, திடீரென்று பேச்சு நின்றுபோவது, அழைத்தாலும் அசையாமல் கிடப்பது, அப்புறம் ‘பேய் பிடிச்சிருக்கு’. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆவேச நிலைக்கென்று தனி இடமே இருக்கிறது. ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக இருந்தால் அது நோய் ஆகாது என்றும் அந்த வகைப்பாடு தெளிவாகச் சொல்கிறது. ஆடி மாதத்தில் சாமி ஆடுகிற அக்காக்களை யாரும் என்னிடம் அழைத்துவர வேண்டாம்.

டி.ஐ.டி. என்ற நோயே உண்மையில்லை, மருத்துவர்கள் ஊட்டி வளர்த்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். பல ஆளுமைகள் கொண்டவர் என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1973இல் வெளிவந்த ‘சிபில்’ என்ற புகழ்பெற்ற நூலின் உண்மைத்தன்மை பற்றிப் பின்னால் எழுந்த சர்ச்சை அவர்களுக்கு நல்ல ஆயுதம். அந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் பெயர் என்னவாக இருக்கட்டும் என்ற சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே காயத்தோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு அந்தச் சண்டையின் தீர்ப்பு வரும்வரை அவகாசம் கிடையாது.

நியூயார்க்கில் ஓர் ஏழைப்பகுதி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் 231 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒருமுறைக்கு மேல் தற்கொலைக்கு முயன்றவர்களை அது தனியாகப் பிரித்துப் பார்த்தது. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம், மதுப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் விலகல் கோளாறு தனியாக, வலுவாக நின்றது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரையும் அதே பக்கம்தான் கை காட்டியது. இவ்வளவு தெளிவாக இருந்தும், தற்கொலை ஆபத்தை மதிப்பிட நம் மருத்துவமனைகளில் கேட்கிற வழக்கமான கேள்விகளில் விலகல் நிலை பற்றி ஒன்றுகூட இருப்பதில்லை.

விலகல் கோளாறு உள்ளவர்கள் ஏன் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள்? முதல் காரணம் மரத்துப்போதல். உலகமே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல, தன் கை தன்னுடையதே இல்லை என்பதுபோல மணிக்கணக்கில் இருக்கிறவருக்கு வலி ஒன்றுதான் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்கிற சாட்சி ஆகிவிடுகிறது. இதற்கு நேர்மாறும் உண்டு. பழைய நினைவு வெள்ளமாக வந்து மூழ்கடிக்கும்போது, மரத்துப்போவதற்காகவே காயப்படுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே செயலாகத் தெரியும். ‘கவனத்தை ஈர்க்கத்தான் செய்யுது இந்தப் பொண்ணு’ என்று வார்டில் சொல்கிற வாக்கியம் இங்கேதான் பொய்த்துப்போகிறது. இவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தெரியாமல், முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு காரணம் டி.ஐ.டி. போன்ற தீவிர நிலைகளுக்கே உரியது. உள்ளே இருக்கிற ஒரு பகுதி, ‘இந்த உடம்பு என்னுடையது இல்லை, அவளுடையது’ என்று உண்மையாகவே நம்பும். அவளைத் தண்டித்தால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கும். கேட்கிறவருக்கு இது அபத்தமாகத் தோன்றும். தர்க்கத்தால் அதை உடைக்கப் போகிறவர்கள் தோற்றுத்தான் திரும்புவார்கள். ஏனென்றால் அந்த நம்பிக்கை உருவானபோது அந்த ஆளுக்கு வயது ஐந்தோ ஆறோ இருந்திருக்கும். நடப்பது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது என்று நம்பியதால்தான் அந்தக் குழந்தை பிழைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் நாம் அதிகம் கோட்டை விடுகிற இடம் இது. இந்தியாவில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி, 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அப்படி நடந்த எல்லோருக்கும் விலகல் கோளாறு வருவதில்லை. விலகல் கோளாறு உள்ள எல்லோருக்கும் அப்படி நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் நடந்திருந்தால், கூடவே ஒரு மிரட்டலும் பெரும்பாலும் இருந்திருக்கும்: ‘வெளியே சொன்னே, தொலைச்சிடுவேன்.’ அந்த மிரட்டலைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, இன்றும் காவல் இருக்கிற ஒரு பகுதி உள்ளே இருக்கும். ஆகவே ஒருவர் முதன்முறையாக வாயைத் திறந்து சொன்ன நாள், நமக்கெல்லாம் நிம்மதி தருகிற நாள், அவருக்கு மிக ஆபத்தான நாளாக ஆகலாம். ‘எல்லாத்தையும் கொட்டிட்டா, இனி பாரம் குறைஞ்சிடும்’ என்று ஆலோசகர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார். அன்று இரவு அந்தப் பெண் தண்டிக்கப்படுகிறாள், தன் கையாலேயே. ஆலோசகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது அப்படிச் சொல்லிவிட்டால், அன்று அவர் யாரோடு வீட்டுக்குப் போகிறார், இரவு யார் பக்கத்தில் இருப்பார்கள், நாளைக் காலை யார் போன் செய்வார்கள் என்று கேட்டு முடிக்காமல் அறையை விட்டு அனுப்பாதீர்கள். வீட்டிலேயே அத்துமீறியவர் இருக்கிறார் என்றால் இந்தக் கேள்விகளின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லும் கடமையும் உங்களுக்கு உண்டு. அதைக் குழந்தையிடம் ஒளிக்காமல், பயமுறுத்தாமல், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். நான் சொல்லப்போவது ஒரு நோயாளியின் கதை இல்லை. பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஓர் உருவம் கொடுத்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதுப் பெண். கையில் கட்டு. அம்மா கூட வந்திருக்கிறார். “சாகணும்னு தோணுதாம்மா?” என்று மருத்துவர் கேட்கிறார். “இல்லீங்க டாக்டர், எனக்கு அந்த மாதிரி எண்ணமே கிடையாது.” முகத்தில் பதற்றம் இல்லை, கண் கலங்கவில்லை. “அப்போ இது எப்படி ஆச்சு?” “தெரியல. காலையில எழுந்தப்போ இருந்துச்சு.” அம்மா வெடிக்கிறார்: “பொய் சொல்றா டாக்டர். ராத்திரி நான் பார்த்தேன், என்னைப் பார்த்துச் சிரிச்சா. இப்போ ஒண்ணுமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கா.”

அம்மா சொல்வதும் உண்மை, மகள் சொல்வதும் உண்மை. மருத்துவரின் தாளில் மட்டும் ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்று எழுதப்படுகிறது. நாம் கேட்கிற கேள்வி ஒரு தொடர்ச்சியை எதிர்பார்க்கிறது. நேற்று இரவு இருந்தவரும் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே நினைவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பு அது. விலகல் கோளாறில் உடைவது அந்தத் தொடர்ச்சிதான். கேட்கிற நேரத்தில் அந்த ஆள் அங்கே இல்லை.

அப்படியானால் எப்படிக் கேட்பது? நேரம் தொலைந்துபோகிறதா என்று கேளுங்கள். எழுதிய நினைவே இல்லாமல் நோட்டில் உங்கள் கையெழுத்து இருந்ததுண்டா? எப்படி வந்தது என்று தெரியாத காயத்தைப் பார்த்ததுண்டா? உள்ளே யாராவது பேசுகிற மாதிரி, திட்டுகிற மாதிரி இருக்கிறதா? இருந்தால், அவர்கள் என்ன செய்யச் சொல்கிறார்கள்? கடைசியாக, சங்கோசப்படாமல் இதையும் கேளுங்கள்: “உங்களுக்குச் சாகிற எண்ணம் இல்லைன்னு சொல்றீங்க, நான் நம்புறேன். உங்களுக்குள்ள வேற யாருக்காவது அந்த எண்ணம் இருக்கா?” இந்தக் கேள்விக்குச் சட்டென்று கண் நிறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. விலகல் அனுபவங்களை அளக்க 1986இல் உருவாக்கிய 28 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. நேரம் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். நேரம் இல்லாத அரசு மருத்துவமனை ஓ.பி.யில் நான் சொன்ன நாலைந்து கேள்வி போதும்.

நம் ஊரில் இதே செய்தி வேறு உடையில் வருகிறது. “அது என்னை வா வான்னு கூப்பிடுது.” போன வருஷம் இறந்துபோன அத்தை கூப்பிடுகிறாள், புளியமரத்தடியில் இருப்பவன் கூப்பிடுகிறான். இதைக் கேட்டதும் குடும்பம் கோடாங்கியைத் தேடி ஓடுகிறது. எனக்குக் கோடாங்கியிடம் பெரிய பகை கிடையாது. உடுக்கை அடித்து, “நீ யாரு? எந்த ஊரு? உனக்கு என்ன வேணும்?” என்று அவர் கேட்கிறாரே, அது என் துறையில் பலரும் கேட்கத் தயங்குகிற நல்ல கேள்வி. தென்னார்க்காட்டுப் பகுதியில் களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், பேயோட்டும் சடங்குகளில் இந்தப் பேச்சு எவ்வளவு மையமானது என்று 2000இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். கேள்விக்குப் பிறகு வருகிற சாட்டையடியையும் மிளகாய்ப் புகையையும்தான் நான் எதிர்க்கிறேன். ஏற்கெனவே அடிபட்டுப் பிரிந்த மனசு இன்னொரு அடியில் ஒன்றுசேராது. சங்கிலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். ‘கூப்பிடுது’ என்று யாராவது சொன்னால், அதைத் தற்கொலை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் போங்கள், விபூதி பூசுங்கள், தாயத்தும் கட்டுங்கள். அந்த ஆளைத் தனியாக மட்டும் விடாதீர்கள். அதே நாளில் மருத்துவமனைக்கும் வாருங்கள்.

வந்தால் நாங்கள் எப்படி நடத்துகிறோம்? இங்கே எங்கள் ஆட்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். மயங்கிக் கிடப்பது ‘ஃபங்ஷனல்’, அதாவது உடற்கோளாறால் வந்ததல்ல, என்று தெரிந்த உடனே, கேஷுவாலிட்டியில் நெஞ்செலும்பை முட்டியால் அழுத்தியும், அமோனியாவை மூக்கில் வைத்தும் ‘எழுப்புகிற’ பழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணைத் திறந்ததும், “பார்த்தீங்களா, நடிக்கிறா” என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சுயநினைவின் ஆழத்தை அறிய அளவாகச் செய்கிற பரிசோதனை வேறு, பாடம் புகட்டுவதற்காகச் செய்வது வேறு. இரண்டாவது கொடுமை. அப்படி அவமானப்பட்டுப் போகிறவர் அடுத்த முறை நம்மிடம் வருவதில்லை. அடுத்த முறைதான் அவர் வந்தே ஆக வேண்டிய முறையாக இருக்கும்.

சிகிச்சையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆழ்மனதில் புதைந்ததைத் தோண்டி எடுத்து, உலுக்கி வெளியே கொட்டினால் நோய் போய்விடும் என்பது சினிமா கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம். உச்சக்காட்சிக்கு அது தேவைப்படலாம். உண்மையில் பாதுகாப்பு உறுதிப்படுவதற்கு முன்னால் பழைய காயத்தைத் தோண்டுவது தற்கொலை ஆபத்தைக் கூட்டிவிடும். சிகிச்சைப் படிகளில் முதலாவது நிலைப்படுத்துதல். தூக்கம், சாப்பாடு, வீட்டில் பாதுகாப்பு, மரத்துப்போகிற நேரத்தில் இந்தக் கணத்துக்குத் திரும்பிவரப் பயிற்சி. குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, காலைத் தரையில் அழுத்தி ஊன்றுவது, அறையில் பார்க்கிற பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்வது, இன்றைய தேதியையும் தன் வயதையும் சொல்வது. கேட்க அற்பமாக இருக்கும். பிராண்ட் குழு இந்த மாதிரித் திறன்களை வீடியோ பாடங்களாக்கி, 111 நோயாளிகளுக்கும் அவர்களுக்குச் சிகிச்சை தருபவர்களுக்கும் இணையம் வழியே கொடுத்து, இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது. 2019இல் வெளியான முடிவில், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்திருந்தது. அதிகமான விலகல் உள்ளவர்களிடம் முன்னேற்றம் வேகமாகவும் இருந்தது. ‘இவங்க ரொம்ப முத்திப்போன கேஸ்’ என்று நாம் கைவிடுகிறவர்கள் அவர்கள்தான். விலகலுக்கென்று தனி மாத்திரை இல்லை. கூடவே இருக்கிற மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உதவும், அது உயிரைக் காக்கவும் செய்யும்.

நெருக்கடி நேரத்தில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிற முறை இப்போது பரவலாக இருக்கிறது. விலகல் கோளாறில் அதைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு நிலையில் எழுதிய தாள் இன்னொரு நிலையில் இருப்பவருக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் பல இடங்களில் வைக்க வேண்டும். தலையணைக்குக் கீழே, போனின் முகப்பில், அலமாரிக் கதவில். எளிய வார்த்தைகளில், ஒரு சிறு குழந்தை படித்தாலும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். சிகிச்சை அறையில், “நான் சொல்றதை உள்ள இருக்கிற எல்லாரும் கேட்கட்டும்” என்று தொடங்கிப் பேசுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கோடாங்கி மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை. தண்டிக்கிற பகுதியை ‘கெட்டது’ என்று விரட்டினால் அது மறைந்துகொண்டு இன்னும் தீவிரமாகும். அது ஒரு காலத்தில் அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய காவல்காரன். அதனிடமும் மரியாதையோடு பேசியாக வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, ‘மாடிப்படியில தவறி விழுந்துட்டா’ என்று சொல்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், விசாரிக்க ஒருவர் வரலாம். அதற்குப் பயந்து உண்மையை மறைத்தால் நாங்கள் தவறான நோய்க்குத்தான் மருந்து கொடுப்போம்.

முடிக்கலாம் என்று பார்த்தேன், ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன். “என் தங்கை ஹாஸ்டலில் இருக்கிறாள். நீங்கள் சொன்னதெல்லாம் அவளுக்கு இருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். என்ன செய்வது?”

சத்தியத்தை மீறுங்கள், அவளிடம் சொல்லிவிட்டு மீறுங்கள். “நீ கோபப்பட்டாலும் பரவாயில்ல, உன்னைத் தனியா விட மாட்டேன்” என்று சொல்லுங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டு, நடந்ததை ஞாபகப்படுத்தச் சொல்லாதீர்கள், காயத்தைப் போட்டோ எடுக்காதீர்கள், ‘அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஆபத்தானது எதுவும் அவள் கைக்கெட்டாமல் அறைத்தோழி ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்று இரவே பேச வேண்டும் என்றால் டெலி-மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னை ‘சிநேகா’வின் எண் 044-24640050. அவளுக்குத்தான் என்று இல்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் இருக்கிற நீங்களும் கூப்பிடலாம். காயம் பட்டிருந்தாலோ, அவள் இந்த உலகத்திலேயே இல்லாதது போல இருந்தாலோ போனுக்குக் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவு அங்கேயே இருக்கும். மருத்துவரிடம், ‘அவளுக்கு நடுநடுவே ஞாபகம் விட்டுப்போகுது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவள் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும் சொல்லுங்கள். சீட்டு எழுதியவர் விரும்பினால் கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.